அந்தப் பெண்ணைக் கேட்டார்களா?

ஜூன் 4, செவ்வாய்

ஸ்டெஃபனி மேயரின் ‘தி ஹோஸ்ட்’ நாவலில், மெலனியும் அவள் உடலுக்குள் குடியேறிய வேற்றுக்கிரக உயிர் வாண்டரரும் பாலைவனத்தில் தண்ணீர் தீர்ந்து நடக்கிற இடம். ஊசி இரண்டும் போட்டு டயாலிசிஸ் மெஷின் ஓட ஆரம்பித்ததும் புத்தகத்தைத் திறந்தேன், கழற்றும்வரை மூடவில்லை. ஒரே உடல், உள்ளே இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து ஒரே தொண்டை. அது யாருடைய தாகம் என்று பிரிக்க முடியவில்லை. ஜெப் மாமா வந்து தண்ணீரை நீட்டும்போது எனக்கு உதடு துடித்தது.

எனக்கு நாளுக்கு ஒரு லிட்டர். ரசம், மோர், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியே 41 டிகிரி. அவர்கள் நடந்ததும் இந்த அரிசோனா மண்ணில்தான். டூசானிலிருந்து ஃபீனிக்ஸ் போகிற ஐ-10 சாலையில் இடது பக்கம் கூம்பாக நிற்குமே, அந்தப் பிக்காச்சோ மலையைத் தாண்டிய பாலைவனம்.

தம்பியிடமிருந்து எதுவும் இல்லை.

ஜூன் 5, புதன்

எனக்குக் கிட்னி கொடுக்க முடியுமா என்று தம்பி செய்துகொண்ட சோதனையின் ரிசல்ட்டை அனுப்பியிருக்கிறான். ஃபைல் மட்டும். கூட ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 6, வியாழன்

பக்கத்து நாற்காலிப் பெரியவருக்கு நான் ‘தி ஹோஸ்ட்’ படிப்பது பிடிக்கவில்லை. தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேற்றுக்கிரக ஒட்டுண்ணிக் கதை என்றால் அவருக்கு 1951-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய ‘தி பப்பெட் மாஸ்டர்ஸ்’ ஒன்றுதான். அதில் அவை முதுகில் ஒட்டிக்கொண்டு ஆளை ஆட்டிவைக்கும். மனிதர்கள் அவற்றோடு நட்பாகப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள், கொல்வார்கள். அதுதான் நியாயம் என்கிறார்.

“ஸ்டெஃபனி மேயர் என்ன செய்திருக்கிறார் பாருங்கள். திருடனையே கதை சொல்ல விட்டுவிட்டார். அறுநூறு பக்கம் அவன் குரலைக் கேட்டால் வீட்டுக்காரர் யார் என்பதே மறந்துபோகும்.”

வீட்டுக்கு வந்த பிறகும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதையைச் சொல்வது வாண்டரர் என்கிற அந்த வெள்ளிப்புழு என்பது உண்மைதான். ஆனால் அவர் சொல்வதுபோல வீட்டுக்காரி மறந்துபோகவில்லை. பிடிபடுவதைவிடச் சாவது மேல் என்று சிகாகோவில் லிஃப்ட் இல்லாத வெற்றுக் குழிக்குள் குதித்தவள் மெலனி. உடலைக் கொடுக்கச் சம்மதமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். அந்த ‘முடியாது’ என்ற சொல்லுக்குள்தான் வாண்டரர் கண் விழிக்கிறாள். எவ்வளவு சாதுவாக, எவ்வளவு குற்றவுணர்வோடு பேசினாலும் அவள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. மேயர் அதை மறைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பெரியவரிடம் சனிக்கிழமை சொல்ல வேண்டும்.

ஜூன் 8, சனி

சொன்னேன். தலையாட்டினார். பிறகு தூங்கிவிட்டார்.

இன்று ஊசி போட்ட பையன் பள்ளி நாட்களில் ‘அனிமார்ஃப்ஸ்’ வரிசையைத் தேடித் தேடிப் படித்தவனாம். 1996-இல் தொடங்கிய சிறுவர் நாவல்கள். அதில் யெர்க் என்கிற நத்தை மாதிரியான ஜந்து காது வழியாக மூளைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உடலுக்குரியவர் உள்ளே விழித்தபடி கத்திக்கொண்டிருப்பார், வெளியே யாருக்கும் கேட்காது. ஆனால் அந்த யெர்க்குகளிலேயே ஒரு சிறு கூட்டம், மனம் ஒப்பி வருகிறவர்களின் உடலுக்குள் மட்டும்தான் போவோம் என்று தங்கள் இனத்தோடு சண்டை போடுகிறது என்றான். “பத்து வயதில் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது” என்று டேப்பை ஒட்டிக்கொண்டே சொன்னான்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுதிய கதையில் இந்தக் கேள்வி இருந்திருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

மகள் இரண்டே இரவில் படித்து முடித்துவிட்டாள். நான் பாதியில் இருக்கிறேன், இருந்தும் முடிவைத் தவிர எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டாள். எல்லாம் கோபம். உள்ளே மெலனியின் குரல் அடங்கிப்போகிறதாம். அவளை எப்படியாவது மேலே வரவழைக்க வேண்டும் என்று மெலனியின் காதலன் ஜாரெட் வாண்டாவை (வாண்டரரை இப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள்) முத்தமிடுகிறான், அவளுக்குக் கோபம் வந்தாவது வெளியே வரட்டும் என்று. “யாரை முத்தமிடுகிறான் அம்மா? அவளையா, இவளையா? யாரிடம் கேட்டான்?” என்று சமையலறையில் நின்று கத்தினாள்.

அவள் தோழிகளுக்குள் இரண்டு கட்சி. ஜாரெட் கட்சி, இயன் கட்சி. முதலில் வாண்டாவின் கழுத்தை நெரித்தவன் இயன், பிறகு அவளையே விரும்புகிறான். உடலைப் பார்க்காமல் உள்ளே இருப்பவளைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்று ஒரு பெண் வாதாடுகிறாளாம். மகள் எந்தக் கட்சியிலும் இல்லை. ஜேமி கட்சி என்கிறாள். மெலனியின் தம்பி ஜேமி.

நானும் அதே கட்சி. ஜாரெட்டின் நினைவு வரும் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போகிறேன். ஜேமி வந்தால் நின்றுவிடுகிறேன். வாண்டாவுக்கு அந்தப் பையனோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் மெலனியின் ஞாபகம் வழியாக அவனை நேசித்துவிடுகிறாள். இரண்டு பேரும் ஒரே தம்பிக்கு அக்கா ஆகிவிடுகிறார்கள். காதல் முக்கோணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இந்தப் புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்தார் இவர். பொட்டாசியம் குறைய. ருசியே இல்லை. சாப்பிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஜன்னல் ஓர நாற்காலி காலி. நர்சுகள் எதுவும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்க மாட்டோம்.

வால்டரின் அத்தியாயம் இன்றுதானா வர வேண்டும். புற்றுநோய் எலும்புக்குப் போய், பிடிபடாத மனிதர்கள் ஒளிந்து வாழும் குகைக்குள் வலியில் கிடக்கிறார். வாண்டாவைத் தன் மனைவி கிளாடிஸ் என்று நினைத்துக் கூப்பிடுகிறார். பொய் சொல்லவே வராத இனம் அவளுடையது. அவள் கிளாடிஸாகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கடைசிவரை. மேயர் எழுதியதில் இதைவிட நல்ல பக்கங்களை நான் படித்ததில்லை.

ஜூன் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அந்த ஒட்டுண்ணிகளுக்கு ஆன்மாக்கள் என்று பெயர். அவை வந்த பிறகு பூமியில் போர் இல்லை, பணம் இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. நோயும் இல்லை. வலிக்கு ஒரு மருந்து, காயத்தை மூட ஒன்று, குணமாக்க ஒன்று. நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. குகைக்கு வெளியே சில மணி நேரப் பயணத்தில் அவ்வளவும் அலமாரியில் இருக்கிறது, உள்ளே வால்டர் வலி மாத்திரைகூட இல்லாமல் சாகிறார்.

மகளிடம் கேட்டேன். அந்த உலகத்தில் என் கிட்னி ஒரே நாளில் சரியாகிவிடும். ஊசி இல்லை, மெஷின் இல்லை, தம்பியின் வயிற்றில் கத்தி வைக்க வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு விலை, நான் இருக்க மாட்டேன். என் முகத்தோடு வேறொருத்தி உனக்குத் தோசை ஊற்றுவாள், என்னைவிடப் பொறுமையாக. பரவாயில்லையா?

அவள் அழுதுவிட்டாள். வேடிக்கைக்குக் கேட்டேன் என்று நினைத்திருப்பாள். நான் உண்மையாகத்தான் கேட்டேன். நோயில்லாதவர்கள் அந்த ஊரைப் பார்த்ததும் பயப்படுகிறார்கள், எனக்குள் முதலில் ஆசைதான் எழுந்தது. பயம் பின்னால்தான் வந்தது. மேயர் அந்த உலகத்தை அசிங்கமாகக் காட்டியிருந்தால் கதை சுலபமாகியிருக்கும். அழகாகக் காட்டியதால்தான் என்னால் இதைக் கீழே வைக்க முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அம்மாவுக்குக் கதை சொன்னேன். மத்தியானம் முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “இதுல என்னடி புதுசு? நம்ம திருமூலர் கதைதானே” என்றாள்.

அம்மா ஆடுதுறைக்காரி. திருவாவடுதுறை கோயிலுக்குச் சின்ன வயதில் நடந்தே போயிருக்கிறாள். கைலாயத்திலிருந்து வந்த யோகி, சாத்தனூரில் மூலன் என்கிற இடையன் செத்துக் கிடப்பதையும் மாடுகள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். மாடுகளின் துயரம் தாங்காமல் தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவன் உடலுக்குள் புகுகிறார். மாடுகளை ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பினால் வைத்த இடத்தில் தன் உடல் இல்லை. அந்த இடையன் உடலிலேயே இருந்து, வருடத்துக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாட்டு.

“அதெல்லாம் சரி” என்று அம்மாவே தொடர்ந்தாள். “மூலன் பொண்டாட்டி என்ன ஆனா, சொல்லு. புருஷன் வீட்டுக்கு வரான், அவன் முகம், அவன் கை. கிட்ட போனா தொடாதேங்கறான். உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லைங்கறான். ராத்திரி பூரா தூங்காம இருந்துட்டு ஊர் பெரியவங்ககிட்ட போய் நின்னா. அவங்க பாத்துட்டு, இவர் யோகத்துல இருக்கார், நீ விட்டுடும்மான்னுட்டாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவளைப் பத்தி ஒரு வரி கிடையாது.”

மூலன் ஏற்கெனவே செத்துப்போயிருந்தான், அதனால் அவனைக் கேட்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு அவள் கவலைதான் கடைசிவரை. ஜாரெட்டை நான் இவ்வளவு நாள் வெறுத்தேனே, அவன் நிற்பது அந்தப் பெண்சாதி நின்ற இடத்தில் என்று இன்று தோன்றியது. தான் நேசித்த முகம் எதிரே வந்து நிற்கிறது, உள்ளே யார் என்று தெரியாது. முதல் தடவை பார்த்ததும் அவன் அறைந்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய பித்தும் புரிகிறது.

அம்மா போய்த் தம்பியிடம் பேசினாள், போனில், மூடிய கதவுக்குப் பின்னால். எனக்கு இங்கே கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எதிர் வரிசையில் இருப்பவர் ஓஒத்தாம் பழங்குடிப் பெண்மணி. நான் வைத்திருக்கும் அட்டையைப் பார்த்துத் தானும் படித்திருப்பதாகச் சொன்னார். பிடித்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவருடைய பாட்டி ஃபீனிக்ஸ் இந்தியன் பள்ளியில் படித்தவராம். 1891-இல் தொடங்கி 1990 வரை நடந்த அரசாங்க விடுதிப் பள்ளி. பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து கொண்டுபோய், முடியை வெட்டி, பேரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து, நல்ல பிள்ளைகளாக ஆக்குகிறோம் என்று சொன்ன பள்ளிகளில் ஒன்று. “அங்கே இருந்தவர்களில் அன்பானவர்களும் இருந்தார்கள் என்று பாட்டி சொல்வார். அன்பாக இருந்ததால் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தார்களா? இந்தப் புத்தகத்தில் வருகிறவர்களும் அப்படித்தான். சிரிக்கிறார்கள், சுத்தமாக இருக்கிறார்கள், மருந்து தருகிறார்கள், பூமியை நாங்கள் நன்றாக வைத்திருக்கிறோம் என்கிறார்கள்.”

வாண்டாவின் குற்றவுணர்வில் தனக்கு அக்கறை இல்லை என்றார். அவர் எதிர்பார்த்தது லேசியின் கதையை. வாண்டாவைத் துரத்தி வரும் சீக்கரின் உடலுக்குள் அத்தனை காலம் அடைபட்டுக் கிடந்த பெண் அவள். அந்த ஆன்மாவை எடுத்ததும் வெளியே வருகிறாள், வந்ததும் எரிச்சலாகப் பேசுகிறாள், குகையில் ஒருவருக்கும் அவளைப் பிடிப்பதில்லை. ஆசிரியருக்கே அவளைப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. “அடைபட்டு வந்தவள் இனிமையாகவும் இருக்க வேண்டுமா? குடியேறியவளுக்கு அறுநூறு பக்கம். இவளுக்கு எவ்வளவு?”

மெஷின் அலறியது, நர்ஸ் வந்தார், பேச்சு நின்றது. இதுவரை நான் கேட்டதில் கனமான கருத்து இது. என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 20, வியாழன்

மழைக்காலம் பதினைந்தாம் தேதியே தொடங்கிவிட்டது, காலண்டரில். வானத்தில் ஒன்றும் காணோம்.

ஜூன் 23, ஞாயிறு

முடித்துவிட்டேன். இரவு ஒரு மணி. எல்லோரும் தூங்குகிறார்கள்.

வாண்டா மெலனியின் உடலைத் திருப்பிக் கொடுக்கிறாள். ஆன்மாவைக் கொல்லாமல், ஆளையும் கொல்லாமல் எப்படிப் பிரித்தெடுப்பது என்ற ரகசியத்தை டாக்டருக்குக் கற்றுக்கொடுத்து, அதற்கு விலையாக ஒரே ஒரு சத்தியம் வாங்குகிறாள். என்னை வேறு கிரகத்துக்கு அனுப்பாதே, வேறு உடலில் வைக்காதே, சாகவிடு, இந்த மண்ணில் புதை. இனி இன்னொரு உயிரின் இடத்தில் ஒட்டி வாழ மாட்டேன் என்கிறாள். அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். இத்தனை கிரகம், இத்தனை உடல் பார்த்தவள், கடைசியில் கேட்காமல் எடுப்பதில்லை என்று முடிவு செய்கிறாள். புத்தகம் முழுக்க இதை நோக்கித்தான் வந்திருக்கிறது.

அதன் பிறகு அவள் கண் விழிக்கிறாள். வேறு உடலில்.

சின்ன உருவம், பொன்நிற முடி, பதினேழு வயதை ஒட்டிய பெண். ‘நிலவுக்கு விரியும் இதழ்கள்’ என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆன்மா அதில் இருந்தது. பெட் என்று கூப்பிடுகிறார்கள். அதை எடுத்து உறைகலத்தில் போட்டு வேறு கிரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உடலுக்குரிய பெண் திரும்பி வருகிறாளா என்று காத்திருந்தார்கள், வரவில்லை. சிறு வயதிலேயே பிடிபட்டவள், உள்ளே யாரும் மிச்சமில்லை. எனவே வாண்டாவை அதில் வைத்துவிட்டார்கள். இயனுக்கு வாண்டா, ஜாரெட்டுக்கு மெலனி. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த ஆன்மாவைக் கேட்டார்களா? இல்லை. சாகவிடச் சொன்ன வாண்டாவின் பேச்சைக் கேட்டார்களா? இல்லை. அந்தப் பெண்? அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவளுக்கு அம்மா இருந்திருப்பாள். காத்திருந்தார்கள் என்பது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும்? குரல் கேட்கவில்லை என்றால் சம்மதமா? மெலனியின் குரலும் ஒரு கட்டத்தில் அடங்கித்தானே போனது? அப்போது எல்லோரும் அவளைத் தேடினார்கள், ஏனென்றால் அவளைத் தெரியும்.

ஜூன் 24, திங்கள்

பெட்.

மகளிடம் கேட்டேன். அவளுக்கும் ஏறக்குறைய அதே வயது. “வேறு என்ன செய்வது அம்மா? உடல் சும்மா கிடந்தால் செத்துப்போகும். வாண்டா போனாலாவது யாரோ ஒருவர் உயிரோடு இருப்பார்” என்றாள். இறந்தவர்களின் கிட்னிக்குக் காத்திருக்கிற எனக்கு அது புரியாதா? அந்தப் பட்டியலில் இந்த நாட்டில் சுமார் 90,000 பேர். யாரோ ஒருவருக்கு மூளைச் சாவு என்று உறுதியான பிறகு, அவர் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் அல்லது வீட்டார் ஒப்ப வேண்டும். யாரோ ஒருவரிடம் கேட்கிறார்கள். குகையில் அந்தப் பெண்ணுக்காகக் கேட்க யாருமில்லை.

கதையில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால் போதும். கல்யாண வீட்டின் அவசரத்தில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

தம்பி மனைவி கூப்பிட்டாள். “அக்கா, எப்படி இருக்கீங்க” என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். டல்லாஸிலும் வெயில் என்றாள். அப்புறம் வெகு நேரம் இரண்டு பேரும் பேசவில்லை, அவளும் வைக்கவில்லை.

“அவர் எங்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேங்கறார் அக்கா.”

என்னிடமும்தான் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

அம்மா அவனிடம் என்ன சொன்னாள்? எப்படிச் சொன்னாள்? அக்காவைக் காப்பாத்துடா என்றா, உன்னால் முடியுமா என்றா?

அம்மாவிடம் இதைக் கேட்க முடியவில்லை. கேட்டால் அவள் உடைந்துவிடுவாள்.

ஜூன் 30, ஞாயிறு

மகளுக்குப் பள்ளியில் வைத்திருந்த கதை, ஆக்டேவியா பட்லரின் ‘பிளட்சைல்ட்’. 1984. சிறுகதைதான், ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டேன், அதன் பிறகு வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

பூமியை விட்டு ஓடி வந்த மனிதர்கள் டிலிக் என்னும் பெரிய பூச்சி இனத்தின் நிழலில் வாழ்கிறார்கள். பாதுகாப்புக்கு விலை, வீட்டுக்கு ஒரு பிள்ளை. டிலிக்கின் முட்டைகளை அந்தப் பிள்ளை தன் உடலில் சுமக்க வேண்டும். பெரும்பாலும் ஆண் பிள்ளை. கான் என்கிற பையன் வளர்ந்ததே அதற்காக. ஒரு நாள் இன்னொருவன் வயிற்றைக் கிழித்துப் புழுக்களை எடுப்பதைப் பார்த்துவிடுகிறான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நீ மாட்டேன் என்றால் இன்றிரவு உன் அக்காவிடம் போகிறேன் என்கிறது அந்த டிலிக். அக்காவுக்கு அதில் விருப்பமும் உண்டு. கடைசியில் கான் ஒப்புக்கொள்கிறான்.

ஏன் ஒப்புக்கொண்டான்? அக்காவைக் காப்பாற்றவா? அந்த டிலிக்கின் மேல் இருக்கும் அன்பாலா, அது இன்னொருவரிடம் போவது பொறுக்காமலா? எல்லாம்தான். பட்லர் ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துக் கையில் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்கிறார். கான் துப்பாக்கியைக் கீழே போடுவதற்கு முன் அந்த ஜந்து அவனிடம் கேட்கிறது, அவன் பதிலுக்குக் காத்திருக்கிறது. துப்பாக்கியும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவன் வாதாடி வாங்குகிறான். மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்துகொண்டு சரி என்கிறான்.

இது அடிமைத்தனத்தின் கதை என்று பலர் வாசித்தார்கள், பட்லர் அதை மறுத்தார். காதல் கதை என்றும் ஆண் கர்ப்பமாகும் கதை என்றும் சொன்னார். எனக்கு இது தம்பியின் கதை.

மேயரின் அறுநூறு பக்கத்தில் நான் தேடியது இங்கே முப்பது பக்கத்தில் கிடைத்தது. இதனால் அந்தப் புத்தகத்தின் மேல் அன்பு குறைந்துவிடவில்லை. வால்டரை எழுதிய கை அது.

ஜூலை 2, செவ்வாய்

எடை கூடிவிட்டது. திட்டு. மாம்பழம் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

மழை. சாயங்காலம் முதலில் தூசிப் புயல், பிறகு மழை. ஈரமான கிரியோசோட் செடியின் வாசனை வீடு முழுக்க. அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

தம்பி ஒன்பதாம் தேதி வருகிறான், இங்கே கடைசிச் சோதனைகளுக்கு. கொடையாளிக்கென்று தனியாக ஒருவரை வைத்திருக்கிறார்கள். அவருக்கு என் சிகிச்சையோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்பது விதி. தம்பி அவரிடம் தனியாகப் பேசுவான். வேண்டாம் என்று அவன் எந்த நிமிடமும் சொல்லலாம், காரணத்தை என்னிடம் சொல்ல மாட்டார்கள்.

இப்படி ஒரு ஆள் குகையில் இருந்திருந்தால்.

ஜூலை 10, புதன்

சோதனை மத்தியானமே முடிந்தது. ஏதாவது ஊரைக் காட்டு அக்கா என்றான். எனக்குப் பிக்காச்சோ மலைதான் தோன்றியது. மகள் கார் ஓட்டினாள். அடிவாரத்தில் ஏசியை ஓடவிட்டு, அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

கேட்டேன். அம்மா சொன்னதால் வந்தாயா? உன்னை யாராவது ஒழுங்காகக் கேட்டார்களா?

“அம்மா எங்கிட்ட இதைப் பத்தி முதல்ல பேசினது மார்ச்சுல. நான் முதல் தடவை ரத்தம் குடுத்தது பிப்ரவரியில” என்றான். பிறகு, “ஆனா நீ கேட்டதுக்கு அது பதில் இல்ல” என்றான்.

மலையைப் பார்த்துக்கொண்டே பேசினான். பயமா இருக்கு அக்கா. வேணாம்னு சொல்லிடலாமான்னு தோணின நாளும் இருக்கு. குழந்தையைப் பார்க்கும்போது. அதையெல்லாம் கொடையாளிக்குன்னு வச்சிருக்கிற அந்த அம்மாகிட்ட சொன்னேன், அவங்க எழுதிக்கிட்டாங்க. வீட்ல அவகிட்டயும் நேத்து எல்லாம் சொல்லிட்டேன். அவங்க மறுபடி மறுபடி கேக்கறாங்க, நானும் மறுபடி மறுபடி சரின்னு சொல்றேன்.

அறைக்குள் போகிற வரை மாட்டேன் என்று சொல்லலாம்டா, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்றேன். தெரியும் என்றான்.

ஏன் ரிசல்ட்டை மட்டும் அனுப்பினாய், ஒரு வரி எழுதக் கூடாதா?

“எழுதினா நீ நன்றின்னு எழுதுவ. அதுக்கு நான் என்ன எழுதறது?”

ஜூலை 12, வெள்ளி

பொருத்தம் சரி. ஆபரேஷன் 25-ஆம் தேதி, வியாழன்.

ஜூலை 14, ஞாயிறு

என் கிட்னிகள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்குமாம். அவனுடையதை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அது வேறொருவருடையது என்று என் உடலுக்கு எப்போதும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். சண்டைக்குப் போகாமல் இருக்க டாக்ரோலிமஸ் என்கிற மருந்து, வாழ்நாள் முழுக்க, நேரம் தவறாமல். சொந்தத் தம்பிதான் என்று உடலுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஜூலை 18, வியாழன்

எதிர் வரிசைப் பெண்மணியிடம் பெட் பற்றிச் சொன்னேன். “அவள்தான் எனக்கு அந்தப் புத்தகமே” என்றார். பட்லரின் கதையை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

பெரியவர் 2013-இல் வந்த படத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். ஆண்ட்ரூ நிக்கோல் இயக்கியது, சர்ஷா ரோனன் நடித்தது. பாலைவனக் காட்சிகளுக்கு நியூ மெக்சிகோவின் ஷிப்ராக் பக்கம் போய்விட்டார்களாம், நம் மலை இல்லை. உள்ளிருந்து பேசும் மெலனியைத் திரையில் பின்னணிக் குரலாக ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்குக் குறை. புத்தகத்தில் அவள் பேசாதபோதும் அங்கே இருக்கிறாள். திரையில் குரல் நின்றால் ஆளே இல்லை.

ஜூலை 22, திங்கள்

தம்பி வந்துவிட்டான், மனைவி குழந்தையோடு. வீடு நிறைய ஆள். குழந்தை என் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் இடத்தில் காதை வைத்துப் பார்த்து, உள்ளே வண்டு இருக்கிறது என்றது.

அம்மா தம்பியை மடியில் போடாத குறை. அவனும் பொறுத்துக்கொள்கிறான்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று போட்டதுதான் கடைசி ஊசிகளாக இருக்கட்டும். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஹைன்லைனைப் படிக்கச் சொன்னார். படிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பி சோஃபாவில் ‘தி ஹோஸ்ட்’ படித்துக்கொண்டிருக்கிறான். வந்த இரவே எடுத்துவிட்டானாம். ஜேமியின் காலில் புண் பழுத்துக் காய்ச்சலில் கிடக்கிற இடம். வாண்டா தன்னையே வெட்டிக்கொண்டு ஆன்மாக்களின் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து திருடி வருவாள். அது மெலனியின் உடலும்தானே, வெட்டும்போது மெலனியும் ஒத்துக்கொண்டாளா என்று கேட்டான். ஒத்துக்கொண்டாள் என்றேன். தம்பிக்காக என்பதால் இருவருக்கும் அதில் ஒரே மனசு.

“அந்தப் பையனை யாரும் கேக்கலியே” என்றான். “அவனுக்குத் தெரிஞ்சிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பான்.”

நான் இதை யோசிக்கவே இல்லை. வாதாடப் போனேன், அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவனுக்கு இன்னும் இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது, முடிவைச் சொல்லாதே என்கிறான். நாளை பகலுக்குள் முடித்துவிடுவானாம். பெட் பற்றி அவனிடம் பேச வேண்டும்